இடது மூலை

என்னங்க, சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில இன்னைக்கு டபுள் ட்யூட்டி, நான் வர விடிஞ்சிடும். குட்டி உங்க அக்கா வீட்டுல இருக்கா, போய்க் கூட்டிட்டு வந்துடுங்க.

சாயங்காலம், முகத்தைப் பார்த்து மனசைப் புரிஞ்சுக்கக் குட்டிக்குச் சொல்லிக் குடுக்கிற கம்ப்யூட்டர் பயிற்சி டீச்சர் வருவாங்க. அவங்க சொன்னதைத்தான் நேத்து உங்ககிட்ட சொன்னேன், நீங்கதான் காது கொடுத்துக் கேக்கலை. திரையில அழற முகத்தைத் தொடுன்னதும் நம்ம பொண்ணு டக்குனு தொட்டு, சரின்னு கம்ப்யூட்டரை மணி அடிக்க வச்சாளே, அது முகத்தைப் பார்த்து இல்லையாம். அந்தப் படம் எப்பவுமே திரையோட இடது மூலையிலதான் வந்திருக்கு. இப்போ இடத்தை மாத்திட்டாங்க, அவ இன்னும் அந்த மூலையைத்தான் தொடறா. ஒரு வருஷமா நாம கொண்டாடினது அந்த மூலையைத்தான். "உன் வாயில நல்லதே வராதா"ன்னு கத்தினீங்களே, எங்கேயிருந்து வரும்?

வெளிக்கதவுச் சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு.

இன்னொண்ணு. நேத்து நீங்க கதவை அறைஞ்சிட்டுப் போனப்புறம் சமையல்கட்டுல உக்காந்து அழுதேன். குட்டி வந்தா. ஏதோ ஒரு நப்பாசை, "அழற முகத்தைத் தொடு கண்ணு"ன்னேன். என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் கண்ணாடியோட இடது மூலையில விரலை வச்சா. மணி அடிக்கும்னு நின்னுகிட்டே இருந்தா. மனசு கேக்கலை, நானே வாயால 'டிங்'னு அடிச்சேன்.

இன்னைக்கும் அங்கே போய் நின்னா, நீங்களும் 'டிங்'னு அடிச்சிடுங்க.