இரண்டாவது இழுப்பு

இன்று காலை இரண்டு பொலிஸ்காரருக்கு முன்னால் உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். துவக்கு எண்ணெய் நாற்றம் முகத்தில் அடித்தது. நீங்கள் கண்மூடி மூன்று கிழமை. நீங்கள் போட்ட சேட்டுகளில் உங்கள் மணம் போய்விட்டது. இதில் மட்டும் போகவில்லை.

வேலையிடத்துச் சிநேகிதன் டீட்டர் உங்களை முதன்முதலாகத் துவக்குச் சூட்டுக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் கேட்டது ஞாபகம் இருக்கும். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனுசன், இஞ்ச ஜேர்மனிக்கு வந்து வரிசையில நிண்டு சுடுறாராம்.”

“அது வெறும் மட்டைக் குறியப்பா, ஆருக்கும் நோகாது” என்று சிரித்தீர்கள்.

பிறகுதான் அந்தப் பழைய பி-38 பிஸ்டல் வீட்டுக்கு வந்தது. நான் மரக்கறி வெட்டுகிற மேசையில் துணி விரித்து, கழற்றிக் கழற்றித் துடைப்பீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றாலும், எதையும் வாசித்துக் கொப்பியில் குறிக்கிற பழக்கம் எனக்கு. நூலகப் புத்தகமும் அகராதியுமாக இதையும் வாசித்தேன். பட்டாளத்திடம் முந்தி இருந்த பிஸ்டலைச் செய்வது பெரிய மினக்கேடாம். நாசிகளின் காலத்தில் அதற்குப் பதிலாக, கெதியில் செய்து முடிக்கக்கூடிய ஒன்று தேவைப்பட்டதாம். பொலிசுக்கென்று செய்த சின்னப் பிஸ்டலின் விசை முறையை எடுத்து இதற்குள் வைத்தார்களாம். எழுதி முடித்துவிட்டுக் கை கழுவினேன்.

ஒருநாள், உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் திறந்து காட்டிவிட்டு, அதை என் கையில் வைத்தீர்கள். “சும்மா ஒருக்கா இழுத்துப் பாரும்.”

விசை நீளமாக, பாரமாக வந்தது.

“முதல் இழுப்பு அப்பிடித்தான். மனுசனுக்கு யோசிக்க நேரம் குடுக்குது.” பிறகு பின்னாலிருந்த சின்னச் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து வைத்தீர்கள். “முதல் வெடிக்குப் பிறகு இது தானாப் பின்னுக்கு வந்து நிக்கும். ரெண்டாவதில இருந்து இப்பிடி.”

விசையைத் தொட்டதுதான், சுத்தியல் விழுந்துவிட்டது. சாமிக்குப் பூக் கிள்ளுகிற அளவு பலம்கூடத் தேவைப்படவில்லை. “என்ன மெதுமை, பாத்தீரே?” என்றீர்கள். ஆரோ ஒருத்தன் ஆறுதலாக, அவசரப்படாமல் இருந்து யோசித்து, இரண்டாவது ஆளைக் கொல்லும்போது விரல் நோகக்கூடாது என்று செய்திருக்கிறான். அன்றைக்கு என்னால் சோறு குழைத்துச் சாப்பிட ஏலாமல் போனது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு என் கத்தரிக்கோல், உங்கள் திருகாணிச் சாவிகள், மகளின் புத்தகங்கள் எல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் நடுவில் அது. நீங்கள் சந்தனம் கரைத்துக்கொண்டு நின்றீர்கள்.

“ஆயுத பூசைதானே. இதுவும் ஆயுதம்தானே.”

“ஊரில என்ர தம்பியைச் சுட்ட துவக்குக்கும் ஆரோ பொட்டு வைச்சிருப்பினம்” என்றேன்.

அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டினீர்கள். ஆனால் வீட்டை விட்டு அனுப்பவில்லை. அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் விளக்கேற்றினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, “பிஸ்டலை டீட்டரிட்டக் குடும். நல்லாப் பாத்துக்கொள்ளுவான்” என்றீர்கள். நான் தலையை ஆட்டி “ஓம்” என்றேன்.

போன கிழமை டீட்டர் கேக்கோடு வந்தார். நல்ல மனுசன், உங்களுக்காக மேசை முன்னால் இருந்து அழுதார். நான் “ஓம்” என்றதை நீங்கள் அவருக்கும் சொல்லியிருந்தீர்களாம்; அனுமதிப் பத்திரம் எல்லாம் தன்னிடம் இருக்கிறதாம். “அது வரலாறு, அதை அழிக்கக்கூடாது” என்றார். நான் தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன்.

இன்று வந்தவர்களில் அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை கேட்டாள், யாருக்காவது மாற்றிக் கொடுப்பதா, அழிப்பதா என்று. அழியுங்கோ என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

டீட்டருக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். “அவருக்கு வாக்குக் கொடுத்தீர்களே” என்றார்.

கொடுத்தேன்தான். சாகக் கிடந்த உங்களுக்கு நான் சொன்ன அந்த “ஓம்” பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும். நாற்பது வருஷக் கலியாணத்தில் உங்களுக்குச் சொன்ன ஒரே பொய், அதுவும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்கு ஒவ்வொரு நாளும் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். துவக்கை அழித்ததற்காகக் கேட்கவில்லை.