திரும்பி வந்த மண்பானை

கடல் வளம் குன்றாது, மழை முறை பிறழாது வாழ்க ஆழிமங்கல நாடு! அந்நாட்டின் பட்டத்தரசியும், செம்பாறை நாட்டின் செல்வமகளும், எம் உடன்பிறந்த தங்கையுமாகிய குவளைநங்கைப் பிராட்டியாருக்கு, உலைகள் ஓயாச் செம்பாறை நாடாளும் கோவரையன் இளஞ்சேந்தன் விடுக்கும் ஓலை. உம் கொற்றவர் நலம் பெருகுக. உம் குடிகள் பசியறியாது வாழ்க. உம் வயிற்றில் வளரும் மகவு நூறாண்டு வாழ்க.

இவ்வளவும் அவையோர் கேட்கச் சொல்லி எழுதுவித்தது. இனி வருவதை, எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு, நானே எழுத்தாணி பிடித்துக் கீறுகிறேன். எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும், சிரிக்காதே.

மணமான மறு ஆண்டு, புத்தரிசி விழாவுக்கு வருவதாக நீ சொல்லி அனுப்பினாய். வரவேண்டா என்று நான் மறுமொழி விடுத்தேன். ஓலை பகைவர் கையில் சிக்கலாகாது என்று அமைச்சர் தடுத்தமையால் காரணம் எழுதவில்லை. நீயோ சினந்து, மணநாளன்று நம் மேல்துறைக் கரை மண்ணை நிரப்பி மடியில் சுமந்து சென்ற பானையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாய். பிறந்த மண்ணைத் திருப்பி அனுப்பும் பெண் பிறந்த வீட்டை அறுத்துக்கொள்கிறாள் என்பதன்றோ நம் வழக்கு? அம்மா தாயே, என்ன கோபம் உனக்கு! பானையைக் கொணர்ந்த தூதுவன் என் முகத்தைப் பார்க்க அஞ்சி நின்றான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணத்தை இப்போது கேள். உன் அண்ணி தேமொழியின் மடி இருமுறை நிறைந்து இருமுறை வெறுமையானதை நீ அறிவாய். நாட்டில் வேறு பல பெண்களுக்கும் அதே துயரம் நேர்ந்தது. மருத்துவர் பெருநாகனார் நம் நெல்லைச் சுட்டு, அச்சாம்பலை உப்போடு கலந்து அனலில் தூவிக் காட்டினார். செம்பு உருக்கும் நம் உலைக்களத்தில் எழுமே, அதே பச்சைச் சுடர் எழுந்தது. உலைக்கழிவு ஆற்றில் கலந்து, ஆறு வயலில் பாய்ந்து, பாட்டன் காலம் முதல் படிந்த செம்பு நெல்லில் ஏறியிருந்தது. அந்தச் சோற்றையா உனக்கு நான் ஊட்டுவேன்?

உன் பானைக்கு வருகிறேன். வந்த மண்ணுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று அமைச்சர் கூடினர். இந்நாட்டில் மரியாதை என்றால் செம்புதானே! மண்ணைச் செப்புக் கலசத்தில் கொட்டி, பட்டால் வாய்கட்டி, பூசை செய்து வைத்தனர். அடியில் ஒட்டிய மண்ணோடு கிடந்த வெறும்பானையை உன் அண்ணி எடுத்துப்போய் அதில் மணத்தக்காளி நட்டாள். அறுத்துவிட்டுப் போனவளின் பானை உனக்கு எதற்கு என்று கேட்டேன். கோபம் உங்கள் தங்கைக்குத்தான், பானைக்கு இல்லையே என்றாள்.

சில திங்கள் கழித்துப் பெருநாகனார் அரண்மனைத் தோட்டத்துக் கீரைகளையெல்லாம் சுட்டுப் பார்த்தார். எல்லாம் பச்சையாய் எரிந்தன. அதே வாய்க்கால் நீரைக் குடித்து வளர்ந்த அந்த மணத்தக்காளி மட்டும் பச்சையாய் எரியவில்லை. உன் மண்ணில் ஏதோ இருக்கிறது என்றார். உடனே மேளதாளத்தோடு கலசத்து மண்ணை எடுத்துச் சென்று ஒரு வயலில் இட்டோம். அந்த நெல்லும் பச்சையாகவே எரிந்தது. அவையோர் சிரித்தனர், எனக்கு நெஞ்சு உடைந்தது.

மருத்துவர்தாம் பிழையைக் கண்டார். கண்ணுக்கு அகப்படாச் சிற்றுயிர்கள் அம்மண்ணில் வாழ்கின்றனவாம். அவை வேரைச் சூழ்ந்திருந்து, வருகிற செம்பைத் தம்மிடமே பிடித்துவைத்து, கதிருக்கு ஏறவிடுவதில்லையாம். மண்ணில் கலந்த சிறு செம்பை அடக்க வல்ல அவ்வுயிர்களை நாங்கள் செம்புக்குள்ளேயே அடைத்து, நீரும் காற்றும் இன்றிக் கொன்றிருக்கிறோம். மரியாதை செய்தோமாம், மரியாதை! மேல்துறைக் கரையையோ நீ போன மறு ஆண்டே சுரங்கம் விழுங்கிவிட்டது. எஞ்சியது உன் அண்ணியின் பானையில் வேரோடு ஒட்டியிருந்த மண்தான்.

அந்தப் பிடி மண் ஒரு நாட்டுக்குப் போதுமா என்று கேட்டேன். ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடம் பாலுக்குப் போதவில்லையா என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார். சாணமும் வெல்லமும் பயற்றுமாவும் கரைத்த நீரில் அம்மண்ணை ஊறவைத்துப் பெருக்கினோம். நாற்றின் வேரை அதில் நனைத்து நட்டோம். அறுவடையன்று முதற்கதிரைச் சுட்டபோது பச்சை இல்லை. மருத்துவர் அழுதார். நானும்தான்.

பொய் சொல்ல மாட்டேன். மண்ணிலிருந்து செம்பு போய்விடவில்லை. சோற்றுக்கு வரவில்லை, அவ்வளவே. பருவந்தோறும் இப்படியே வேர் நனைத்து நடவேண்டும். கழிவு ஆற்றில் விழாதபடி கரையும் கட்டிவிட்டோம். அன்று முதல் அரண்மனையில் அந்த அரிசிதான். இன்னொன்று, யாரிடமும் சொல்லாதே: உன் அண்ணிக்கு இது ஐந்தாம் திங்கள். இம்முறை தங்கியிருக்கிறது, குவளை. நீ கோபித்து அனுப்பிய மண் அது.

ஆதலால் நம் ஆணை இது. இவ்வோலையோடு ஒரு படி நெல் வருகிறது. அண்ணன் சொல்லை நம்பாதே. ஒரு பிடியை உன் கையாலேயே சுட்டு, உப்போடு அனலில் தூவிப் பார். பச்சை தெரிந்தால் வரவேண்டா. தெரியாவிடில், உன் வாயிலில் நிற்கும் நம் பல்லக்கில் ஏறு. வளைகாப்பும் பேறும் தாய்வீட்டில்தான். பானையை மீண்டும் நிரப்பி வைத்திருக்கிறோம். தூதுவன் கையில் கொடுத்தனுப்ப மாட்டேன், நீயே வந்து மடியில் எடுத்துப் போ.

செம்பு பட்டது போதும் என்று நம் செப்பு முத்திரையை உன் அண்ணி பெட்டியில் பூட்டிவிட்டமையால், அப்பானை மண்ணைக் குழைத்து, அதில் நம் கட்டைவிரல் பதித்து இவ்வோலைக்கு இலச்சினை இட்டோம். அரச ஆணையை மறுப்போர்க்கு உரிய தண்டனையை ஓலையின் இறுதியில் எழுதுவது மரபு. நீ மறுத்தால் உன் அண்ணன் அழுவான்.