சுவரில் அடித்த ஆணி

என் மூத்த பிள்ளைக்கு,

உன் தங்கை மகள் சசிரேகா ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டராகிவிட்டாள். அவள் தம்பி லோகேஸ்வரனுக்குப் பினாங்கில் இன்ஜினியர் வேலை. கடைக்குட்டி தவமலர் கோலா தெர்லாவில் டீச்சர். மூவரும் பட்டமளிப்பு அங்கியோடு நம் தோட்டத்து லைன் வீட்டுச் சுவரில் படமாக நிற்கிறார்கள். மூவரும் நீ படிக்கவைத்த பிள்ளைகள்.

கோலாலம்பூரில் நீயும் எம்பிஏ படிக்க மனுப் போட்டிருக்கிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷம் தேயிலை பேக்டரியைக் கட்டி மேய்த்தவனுக்கு யார் இடம் தரமாட்டார்கள்? பதில் வருவதற்கு முன்பே உன் படத்துக்கு ஓர் ஆணி அடித்துவிட்டேன். லைன் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

பொங்கலுக்கு வந்த நீ அதைத்தான் முதலில் பார்த்தாய்.

“இந்த ஆணி யாருக்கும்மா?”

“உனக்குத்தான்லா!”

“புடுங்கிப் போட்டுடும்மா. இந்த வயசுல படிச்சு என்னா பண்ணப் போறீங்கன்னு கேட்டாங்க. எடம் இல்லன்னுட்டாங்க.”

இலை போட்டிருந்தேன். கை கழுவப் போகிறவன்போல வெளியே போய்க் காரை எடுத்துவிட்டாய். அதன் பிறகு நீ போனையும் எடுப்பதில்லை.

உன் தங்கை ஆணியைப் பிடுங்க வந்தாள். நான் விடவில்லை.

அங்கி போட்ட படம் வேண்டாம், ஐயா. என்னிடம் இருப்பது உன் பதினேழு வயதுப் படம் ஒன்றுதான். கண்ணை மூடினாலோ, காரை நோக்கிப் போன உன் முதுகுதான் தெரிகிறது. வேலைக்குப் போகிற சட்டையோடு, நரைத்த தலையோடு, இப்போது இருக்கிறபடி முகம் தெரிய ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

உன் அம்மா