பஞ்சர் கடைக் காத்து

14.8.2012, செவ்வாய். படப்பை.

இசக்கியை இன்றைக்கு அடித்துவிட்டேன். கையால் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த பக்கத் தகட்டை எடுத்து முகத்தில் அடித்தேன். புருவம் கிழிந்து நாலு தையல்.

இந்த ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். கம்ப்யூட்டரும் பொதுவில் வாங்கியது. ஒரு மாசமாக இதே சண்டை. ரேம் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் என்பது அவன் கட்சி. அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக அசெம்பிள் பண்ணலாம் என்பது என் கட்சி. நேற்று வெறுத்துப்போய், ரேமே போட்டுத் தொலை என்று சொல்லிவிட்டேன்.

போடுவதற்கு முன்னால் தூசி போக வேண்டும். கம்பெனியில் ஷிப்டு முடிந்தால் லைனில் மெஷினுக்குக் கம்ப்ரஸர் காத்து அடிப்பது எங்கள் வேலை. அதே மாதிரி மத்தியானம் பெட்டியைப் பஞ்சர் கடைக்குத் தூக்கிப்போய்க் காத்து அடித்துக்கொண்டு வந்தேன். சுவிட்சைப் போட்டதும் டப்பென்று வெடித்துப் புகை வந்தது. உள்ளே மதர்போர்டெல்லாம் ஈரம்.

"வேணும்னேதாம்ல செஞ்சிருக்க. புதுசு வேணும்னு இதக் கொன்னுட்ட" என்றான் இசக்கி.

அடித்தேன். ரத்தத்தைப் பார்த்த பிறகும் இன்னொரு தடவை அடித்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, படியில் விழுந்துட்டேன் என்று சொன்னான். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். தூங்கவில்லை.

கம்ப்ரஸர் காத்தில் தண்ணி வரும் என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் மெஷினில் அடிக்கும் முன்னால் உள்ளங்கையில் அடித்துப் பார்ப்போம்.

இன்றைக்குப் பஞ்சர் கடையிலும் அடித்துப் பார்த்தேன். கை நனைந்தது.