கால்வாய்க்கரையில் பூசிய பச்சை

2023 யூன் 12, திங்கள்
ஏழு பாடவேளை. கால் இரண்டும் கடுக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வெள்ளவத்தைக் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப்போய், கண்ணால் கண்டதைப் படமாக வரையச் சொன்னேன். வீடு சிவப்பு, கடை நீலம், வெறும் நிலம் பச்சை. எனக்குத் தலையிடிதான் மிச்சம். ஆனாலும் புவியியல் என்றால் கொட்டாவி விடுகிறவர்கள் இன்று ஓடியோடிப் பார்த்தார்கள்.

யூன் 14
நஸ்லாவின் படம்தான் ஆகத் திறம். ஆனால் பலகை வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற கரை முழுக்கப் பச்சை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன வந்தது? "நேரில் போய்ப் பார்த்தீரா?" என்று எழுதிவிட்டேன்.

யூன் 15
இடைவேளையில் நஸ்லா வந்தாள். "எங்கட ஊடு அதுலதான் மிஸ். காணி உறுதி இல்ல. படத்துல கண்டா ஒடைக்க வருவாங்கன்டு உம்மா சொன்ன."
அவளிடமா கேட்டேன், பார்த்தீரா என்று? வெட்கமாக இருக்கிறது.

யூன் 19
வெள்ளிக்கிழமை பாடசாலையில் கண்காட்சி. காணி அலுவலகத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். அதிபர் மாக்ரெட் கூப்பிட்டார். "வகுப்புப் படத்தைப் பெரிசா வரைஞ்சு வையுங்கோ யூஜினா. பிழை இருந்தா எங்களுக்குத்தான் மரியாதை இல்லை."
எனக்கு ஏன் இந்த வேலை? பேசாமல் புத்தகத்தை வாசிக்க விட்டிருக்கலாம்.

யூன் 22
பெரிய படத்தில் கரைக்கு நானே பச்சை பூசினேன்.

யூன் 23, வெள்ளி
அலுவலகத்து ஐயா ஒருவர் அந்தப் பச்சையில் விரல் வைத்து, இங்கே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். வெறும் நிலம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். தங்கள் படத்திலும் அப்படித்தானாம். அங்கே நடைபாதை போடப் போகிறார்களாம், ஆட்கள் இல்லாததால் கரைச்சல் இல்லையாம்.
காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நானே இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டேனா? ஐயோ — என்ன செய்து வைத்திருக்கிறேன்.

யூன் 24
நஸ்லா வீட்டுக்குப் போனேன். உம்மா கைருன்னிஸா பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்தார். நடந்தது முழுவதையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை.
"ஒளிச்சி என்ன கண்டோம் மிஸ். ஒவ்வொரு ஊடா போடுங்க. இங்க ஆக்கள் குடியீக்கிறது தெரியட்டும்."

யூன் 26
அதிபரிடம் சொன்னேன். "இது பாடத்தில இல்லையே" என்றார். இல்லைத்தான். புதுப்படம் கீறி அலுவலகத்துக்கு நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

யூலை 1, சனி
பெருநாள் முடிந்து பிள்ளைகளோடு திரும்பவும் கரைக்குப் போனேன். நித்திரை இல்லாத உடம்பு, நடக்கவே முடியவில்லை. ஒரு வீட்டிலும் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் வாசலில் வந்து நின்று, தங்கள் பெயரை எழுதச் சொன்னார்கள்.