அடுப்பெரியாத வீட்டுக்கு வந்த பிடியரிசி

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்ட என் லூர்து,

இன்று கல்லறைத் திருநாள். காலையில் வந்து உன் சிலுவைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் அது நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தகர மறைப்பு கொண்டுவந்திருந்தார்கள். அந்த முன்யோசனை நம் குடும்பத்தில் உன்னோடு போய்விட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் கோயில் பக்கம் வருகிற ஓய்வுபெற்ற நூலகரை எந்த மந்தையில் சேர்ப்பது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அங்கே நாலு பேர் முன்னால் சொல்ல முடியாத செய்தி ஒன்று இருக்கிறது. போன வாரம் நம் வீட்டுக்குப் பிடியரிசி வந்தது.

வாங்கிப் போக வரவில்லை, லூர்து. கொடுக்க வந்தார்கள்.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துப் போடுவாயே, அதேதான். மாதக் கடைசியில் பிலோமினா தெருவெல்லாம் அதை வாங்கிச் சேர்ப்பாள். பாதி கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு, மீதி ஏதும் இல்லாத வீடுகளுக்கு. அந்த இல்லாத வீடுகளில் ஒன்றாக நம் வீட்டைச் சேர்த்திருக்கிறார்கள்.

பிலோமினா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பையை நீட்டினாள். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. ஜெபக் கூட்டத்துல பேசுனாக. மதினி போனதுலருந்து நீங்க தனியாக் கெடக்கீகன்னு..."

"எனக்குப் பென்சன் வருது பிலோமினா."

"பென்சன் வர்றது ஊருக்கே தெரியும்ணே. குக்கர் சத்தம் வரல. அதத்தேன் பாத்தாக."

மறுத்திருக்கலாம். மறுத்தால் அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது, வாங்கினால் நான். வயதில் சின்னவள் என்பதால் விட்டுக்கொடுத்தேன்.

பையை மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்குன்குனியா வந்த வருஷம் நினைவுக்கு வந்தது. தெருவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நடக்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். எந்த வீட்டிலும் உலை வைக்க ஆளில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு கிளம்பியதில், நன்றாக இருந்தவர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொசுவால் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்ததை டீக்கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். யாரும் நம்பவில்லை. கொசு நம்மோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிராணி. அதற்குப் போய் யார் பயப்படுவார்கள்?

நீ நேரே கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனாய். பிலோமினாவிடம் சேர்ந்திருந்த பிடியரிசியில் கஞ்சி காய்ச்ச வேண்டும், கோயில் அண்டாவைக் கொடுங்கள் என்றாய்.

"அது திருவிழாவுக்குச் சேத்ததும்மா. மாதாவுக்கு உள்ளது. தீர்மானம் போடாமத் தொட முடியாது" என்றார்.

"மாதாவுக்கா காச்சல்? ஊருக்குத்தேன காச்சல். ஆத்தா பொறுத்துக்கிருவா. நீங்க சாவியக் குடுங்க."

அண்டா இருந்த அறையின் சாவி வரவில்லை. தீர்மானமும் வரவில்லை, கூட்டம் போட உறுப்பினர்கள் எழுந்து நடமாடும் நிலையில் இல்லை. அரிசியைப் பிலோமினா தீர்மானத்துக்குக் காத்திராமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள், காய்ச்சத்தான் பாத்திரமில்லை. கடைசியில் உத்தமபாளையத்திலிருந்து, திராட்சை வியாபாரி காதர் பாய்தான் பள்ளிவாசல் அண்டாவைத் தன் டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். "நோன்புக் கஞ்சி காச்சுன அண்டா, தங்கச்சி. அதுக்குக் கஞ்சி மட்டுந்தேன் தெரியும். பிரியாணி கேட்டுறாதீக."

முதல் நாள் தூக்குவாளியோடு நீ படியிறங்கியபோது, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தேன் இருக்கு. பயந்துக்கிட்டே போயிட்டு வந்துர்றேன்."

தைரியத்தைப் பற்றித் தடித்தடியான புத்தகங்களை அடுக்கித் தூசி தட்டியவன் நான். இவ்வளவு சுருக்கமாக எவரும் எழுதவில்லை.

கதவு சாத்தியிருந்த வீடுகளையெல்லாம் தட்டினாய். எழ முடியாதவர்களைத் தாங்கி உட்காரவைத்துப் புகட்டினாய். கமிட்டித் தலைவர் விழுந்தபோது அவருக்கும் கொண்டுபோனாய். தீர்மானம் போடாமலே குடித்தார்.

பிறகு உனக்கும் வந்தது. காய்ச்சல் இறங்கியும் விரல்கள் மடங்கவில்லை. உலை வைக்கும்போது அரிசிக்குள் கையை விட்டாய். பிடிக்க முடியாமல் விரலிடுக்கில் கொட்டியது. மறுபடி விட்டாய், மறுபடி கொட்டியது. "இங்கன வாங்க. உங்க கையக் குடுங்க" என்றாய். என் கையை அரிசிக்குள் அழுத்தி, விறைத்த உன் விரல்களை அதன்மேல் வைத்தாய்.

"சாமி கும்பிடாத கை இது, லூர்து."

"அரிசிக்குத் தெரியாது. எடுங்க."

உன் விரல்கள் சரியாகும்வரை அது என் வேலையாயிற்று. அந்தக் காய்ச்சல் விட்டுவைத்த உன்னை, பின்னொரு மத்தியானம் நெஞ்சுவலி கொண்டுபோயிற்று. அதன் பிறகு நான் உலை வைக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அங்கே என்னிடம் யாரும் "இன்னுங் கொஞ்சம்" என்று கேட்பதில்லை; கூடுதல் சாதத்துக்குத் தனி விலை. உலை வைக்காத வீட்டில் ஒரு பிடி அரிசி எப்படி மிஞ்சும்? ஜெபக் கூட்டம் நம்மைத் தப்பாக எடைபோடவில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நேற்று அந்தப் பையைப் பிரித்தேன். ரேஷன் புழுங்கல், கடைப் பொன்னி, யாரோ பொங்கலுக்கு வைத்திருந்த பச்சரிசி என்று எல்லாம் கலந்து கிடந்தது. குக்கரைத் தேடி எடுத்தேன். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கடைத்தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தேன். சோறு என்று நினைத்து வைத்ததில் பாதி குழைந்தது, பாதி விறைத்து நின்றது. நம் ஊர்க் கூட்டம் எதுவும் இதைவிட ஒற்றுமையாக நடந்ததில்லை. இன்னும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். கஞ்சியான பிறகுதான் எல்லாம் சேர்ந்தது. காய்ச்சல்காரர்களுக்கு ஏற்றது என்பதால் மட்டும்தான் நீ கஞ்சி காய்ச்சினாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இதையும் தெரிந்துதான் செய்தாயா? கேட்க ஆளில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அரிசியைக் களைவதற்கு முன்னால், என்னை அறியாமல் கை உள்ளே போய் ஒரு பிடி எடுத்து உன் பானையில் போட்டது. தர்மமாக வந்த அரிசியிலிருந்தே தர்மமா என்று கூச்சமாக இருந்தது. அரிசிக்குத் தெரியாது என்று நானே சொல்லிக்கொண்டேன். காலியான பானையில் அது விழுந்த சத்தம், வீட்டில் வெகுகாலம் கழித்து என்னைத் தவிர வேறு யாரோ இருப்பதுபோலக் கேட்டது.

இந்த மாதக் கடைசியில் பிலோமினா நம் வாசலைத் தாண்டிப் போகப் பார்ப்பாள். கூப்பிட்டு நிறுத்துவேன். பானையில் அதிகம் இருக்காது. ஒருவன் உலைக்கு அளந்ததிலிருந்து எடுத்ததுதானே. ஆனால் என் கை உன் கையைவிடப் பெரியது. உன்னுடைய விசுவாசம் எனக்கு இன்னும் வரவில்லை, வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன். அதுவரை தினமும் உலை வைக்கிறேன். தெருவுக்குக் குக்கர் சத்தம் கேட்கும். நம் வீடு கொடுக்கிற வீடாகவே இருக்கும்.

அரிசிக்குள் நீ அழுத்திப் பிடித்த கைக்குச் சொந்தக்காரன்,
உன் வீட்டுக்காரன்