மாப்பிள்ளைக்கு வந்த நடுக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கட்டிங் பிரிவில் இன்று ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. பிரித்தால் உள்ளே ஒரு கை. கை மட்டும்தான். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. தலையும் இல்லை, உடம்பும் இல்லை. என் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் தரையைத் துளைத்து நிறுத்தப் போகிறார்கள். அச்சான தாள்களைக் கட்டாக எடுப்பது, விசிறிக் காற்றேற்றுவது, மேசையில் தட்டி விளிம்பு சேர்ப்பது, பிளேடுக்கு அடியில் தள்ளுவது என்று நானும் மாமாவும் இத்தனை வருஷமாகச் செய்வதை எல்லாம் அது செய்யுமாம்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இந்த அச்சகத்தில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர். ஒரு மெஷினில் அவர், அடுத்ததில் நான். வீடும் அப்படித்தான்: கீழே அவர்கள், மாடியில் நான்.

முதலாளி அந்தக் கைக்காகவே ஏசி போடச் சொல்லிவிட்டார். தூசி படக்கூடாது, யாரும் தொடக்கூடாது, பக்கத்தில் டீ குடிக்கக் கூடாது. இந்தக் கவனிப்பைப் பார்த்த பைண்டிங் ஆட்கள் மத்தியானத்துக்குள் பேர் வைத்துவிட்டார்கள்: மாப்பிள்ளை.

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மூன்று தடவை ஏதோ சாக்கு சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

மாப்பிள்ளையோடு ஓர் இன்ஜினியரம்மாவும் வந்திருக்கிறார். என் வயசுதான் இருக்கும். முதல் கட்டைத் தூக்க வைத்தார். பாதி வழியில் தாளெல்லாம் சரிந்து தரை முழுக்கப் பரவியது. கோபப்படுவார் என்று பார்த்தால், மண்டி போட்டு உட்கார்ந்து, விழுந்த தாள்களைச் சந்தோஷமாகப் பார்க்கிறார். "எந்தப் பக்கம் முதல்ல சரிஞ்சுது, பாத்தீங்களா?" என்றார். நான் பார்த்திருந்தேன். இடது பக்கம். எதையாவது இப்படி என்னிடம் யாராவது கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 11, செவ்வாய்

என் கையில் எடையை வாங்குவது எந்த விரல்? காலையில் மாவுப் பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். சுண்டு விரல். கட்டை விரல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சரியாக ஓட ஆரம்பித்ததும் ஒரு கட்டிங் மெஷினை விற்றுவிடுவார்களாம். கட்டிங்குக்கு ஒரு ஆள் போதும். இன்னொருவருக்கு "வேற ஏதாவது பாக்கலாம்."

வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "போம்மா, போய் அதுகூடக் குலாவு. வெளியே போற கதவு எனக்குத்தானே."

அவர் சொன்னது தப்பா? எனக்கு அந்தக் கை பிடித்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்ஜினியரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இந்தப் பட்டனை அழுத்திப் பிடிச்சா கை லேசாயிடும். நீங்க கட்டு தூக்குற மாதிரியே அதைப் பிடிச்சு நடத்துங்க. பாத்து வெச்சுக்கிட்டு அப்படியே திருப்பிச் செய்யும்."

முதலில் நான். பிடித்து நடத்தினேன். திருப்பிச் செய்தபோது அதன் முழங்கை கோணலாக வெளியே போய் ஒரு முக்கு முக்கியது. எனக்குப் புரிந்துவிட்டது: என் தோள் வலி! வலிக்காமலிருக்க நான் வளைவதை எல்லாம் அப்படியே வளைகிறது. எல்லாரும் சிரித்தோம், நான்தான் முதலில்.

பிறகு மாமா. மாட்டேன் என்றார், பிறகு வந்தார். என்ன வீச்சு அது! ஒரே இழுப்பில் தூக்கி, மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பி, தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இறக்கினார்.

மாப்பிள்ளை திருப்பிச் செய்தது. அதே வீச்சு, அதே திருப்பு. ஆனால் நுனி நடுங்கியது. பொடி நடுக்கம். அது பிடித்திருந்த தாள்களின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

நட்டு கழன்றிருக்கும் என்று இன்ஜினியரம்மா முறுக்கினார். என்னுடையதைத் திரும்ப ஓட்டினார். கோணல் இருந்தது, நடுக்கம் இல்லை. மாமாவுடையதை ஓட்டினார். நடுங்கியது. அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அதற்குள் மாமா இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனவர் வரவே இல்லை.

சாயங்காலம் அவரை வீட்டு வாசலில் பிடித்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

"எவ்வளவு நாளா, மாமா?"

"கொஞ்ச நாளா."

"பிளேடுகிட்ட நிக்கற கை மாமா அது!"

"ரெண்டு கையாலயும் பட்டன் அழுத்தினாத்தானே பிளேடு இறங்கும். எனக்குத் தெரியாதா?" பிறகு மெதுவாக, "எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில ஒரு டம்ளர் பிடிக்க முடியலை. நாங்கதான் ஊட்டினோம்."

"டாக்டர்கிட்ட போனா என்னன்னு தெரிஞ்சிடுமே?"

"தெரிஞ்சு?"

"தெரியாம எப்படி இருக்க முடியும்? என்னால முடியாது."

"உனக்கென்ன, உனக்கு எல்லாமே வேடிக்கை."

மாடிப்படி ஏறும்போது அந்த வார்த்தை கூடவே ஏறி வந்தது. வேடிக்கையா? நான் வேடிக்கையா பாக்கறேன்? என்ன பேச்சு இது!

மார்ச் 18, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாமா என்னோடு பேசவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அக்கா அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, எப்படியோ அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். நானும் போனேன். மாமா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார். விரல்களை விரிக்கச் சொன்னார். பிறகு மேசையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த விரல்கள் மேல் மெல்லப் படுக்க வைத்தார். தாளின் ஓரம் துடித்தது. மாப்பிள்ளையிடம் பார்த்த அதே துடிப்பு. கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைத் தாள் காட்டிக்கொடுத்துவிடுமாம். இத்தனை வருஷம் தாளோடு வாழ்கிறோம், இது தெரியவில்லை.

வியர்க்கிறதா, எடை குறைந்ததா, நெஞ்சு படபடக்கிறதா, எரிச்சல் வருகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்காதான் ஆமாம் சொன்னாள். கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் சத்தமாகவே.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 26, புதன்

தைராய்டு! கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி தேவைக்கு மேல் வேலை பார்க்கிறதாம். மாமாவின் அப்பாவுக்கு வந்தது இது இல்லை. மாத்திரை சாப்பிட்டால் அடங்கிவிடும், கொஞ்ச மாதம் எடை தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

அக்கா கோயிலுக்கு ஓடினாள். மாமா பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றார்.  

ஏப்ரல் 2, புதன்

மாமா லீவில் இருக்கிறார். இங்கே ஒரு புதிர்.

மாமாவின் வீச்சுதான் நல்லது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இன்ஜினியரம்மா நடுக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டார். இப்போது பளபளப்புத் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. விளிம்பு சேரவே மாட்டேன் என்கிறது. முன்பு இப்படி இல்லையே? எனக்கு ஒன்று தோன்றியது. அந்த நடுக்கம்தான் தாள்களுக்கு நடுவே காற்றை விட்டதோ? அவர் மறைத்துவைத்த குறையே வேலைக்கு உதவியதோ?

"இருக்கலாம்" என்றார் இன்ஜினியரம்மா. "வாங்க, பாத்துடலாம்."

ஏப்ரல் 3, வியாழன்

காலை முழுக்க நடுக்கத்தோடு ஒரு கட்டு, நடுக்கம் இல்லாமல் ஒரு கட்டு என்று மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் ஒட்டுகின்றன. என் அழகான யோசனை புஸ்வாணம்.

அப்புறம் இன்ஜினியரம்மா தாளைக் கையில் வைத்துத் தேய்த்தார். அவர் கையிலிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். ஏசி! போன வாரம்தான் மாட்டினார்கள். காற்றை வறவறவென்று காயவைத்துவிட்டது. காய்ந்த தாளில் மின்சாரம் ஏறி ஒட்டிக்கொள்கிறது. ஏசியை நிறுத்தி, தரையில் ஈரத்துணி விரித்தோம். மத்தியானத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது.

மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கீழே போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஈரத்துணி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என் நடுக்கத்துக்கு ஒரு மவுசும் இல்லையா?"

"சுத்தமா இல்லை, மாமா."

விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்த அக்கா, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

மே 12, திங்கள்

நானே முதலாளியிடம் போய்ப் பேசினேன். மாப்பிள்ளையை மாமா பார்க்கட்டும், எடை தூக்க வேண்டியதில்லை. மடிப்புப் பிரிவுக்கும் ஒரு கை வாங்கப் போகிறீர்களாமே, அதற்கு என்னை அனுப்புங்கள். "அந்த மெஷின் உனக்குத் தெரியாதேம்மா" என்றார். "தெரியாது சார். அதனாலதான் கேக்கறேன்" என்றேன். சரி என்றுவிட்டார். படியிறங்கும்போதுதான் பயம் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

வேலை முடிந்து வெகு நேரமாகியும் மாமா வீட்டுக்கு வரவில்லை. அக்கா பயந்துபோய் என்னை அனுப்பினாள். கட்டிங் பிரிவில் விளக்கு எரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, ரிப்பேரா?"

"இல்லையே, நல்லாத்தான் ஓடுது. நிறுத்தும்போதெல்லாம் 'உஸ்'னு ஒரு சத்தம் வருது. எங்கேருந்து வருதுன்னு பாக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான். நின்னுட்டே இருக்கியே, இந்த டார்ச்சைப் பிடி."

நானும் பக்கத்தில் படுத்துப் பிடித்தேன். போனில் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.